மஞ்சள் ஸ்வெட்டரில் என்ன வாசனை

அந்தத் தெருவில் மூக்கக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்துக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து பால் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான். மூக்கு ஒன்றும் பெரிசில்லை, சப்பை மூக்கு. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சப்பை மூக்குதான் அவள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது.

வேலை லாண்டரியில். கவுன்டரில் துணி வந்து விழுந்தால் மற்றக் கடைகளில் கறையைக் கண்ணால் பார்ப்பார்கள். மூக்கக்கா முகர்ந்து பார்ப்பாள். காலரின் உள்பக்கம், அக்குள், பாக்கெட்டின் அடி, கால்சட்டையின் மடிப்பு. அப்புறம் ஒரு சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் குண்டூசியால் குத்திவிடுவாள். பால். எண்ணெய். பூஞ்சை. பெயின்ட். பால் கறையில் வெந்நீர் பட்டால் துணியோடு சேர்ந்து வெந்துவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் போகாது. எண்ணெய்க் கறைக்கு வெறும் தண்ணீரால் பிரயோஜனமில்லை. எந்தத் துணி எந்த மிஷினுக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சீட்டுதான் முடிவு செய்யும். "தண்ணி தொடறதுக்கு முன்னாடி மூக்கு தொடணும்" என்பாள். முதலாளிகூட அதற்கு மறுபேச்சு பேசியதில்லை.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் மனைவியோடு வந்து கோட்டு ஒன்றைக் கொடுத்தார். மூக்கக்கா முகர்ந்துவிட்டு, "பூனை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "எங்க வீட்டுல பூனை கிடையாதேம்மா" என்றார் அவர். மனைவி அவர் பக்கம் திரும்பி, "அப்ப யார் வீட்டுல இருக்கு?" என்று கேட்டாள். கோட்டு இரண்டு நாளில் துவைத்துக் காய்ந்துவிட்டது. அந்தக் குடும்பம் இன்னும் காயவில்லை என்று கேள்வி. அதிலிருந்து தம்பதியாக வருகிறவர்கள் முன்னால் மூக்கக்கா சீட்டை வாய்விட்டுப் படிப்பதில்லை.

இவ்வளவு பேர் குட்டை உடைக்கிற மூக்குக்கு வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் படியேறி வந்து கதவில் கை வைப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்.

"வந்தாச்சு, லாண்டரி!"

"எட்டு மணி நேரம் நின்னு கால் கடுத்துப்போய் வர்றேன். உங்களுக்கு நக்கலு."

"நக்கல் இல்லம்மா. நீ மூணாவது படியில இருக்கும்போதே எனக்கு அடிச்சிருச்சு."

"எனக்கு ஒரு வாசனையும் வரல. உங்க மூக்கைக் கொண்டுபோய் ஒட்டடை அடிச்சுட்டு வாங்க."

குளித்துவிட்டு வந்தாலும் அவர் விடமாட்டார், தலைமுடியில் இருக்கிறது என்பார். தன்னைச் சீண்டுவதற்காகத்தான் மனுஷன் சொல்கிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஊரார் அழுக்கையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் மேல் அடிக்கிற வாசனை தெரியாமல் போகுமா என்ன?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல்காரி கடைக்கு வந்தாள். மூக்கக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, மாடியில் தையல் மிஷின் போட்டிருப்பவள். ஒரு கையில் போர்வை, இன்னொரு கையில் மகள். மகளுக்கு ஆறு வயசு. உருண்டையாக, ஒரு இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பட்டாணி. அன்றைக்குப் பட்டாணி உருளவில்லை. போர்வையின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழுவக் கூடாது! அதுல என் வாசனை இருக்கு!"

"பொறந்ததுலேருந்து இதைக் கட்டிக்கிட்டுதான் தூங்குறா அக்கா" என்றாள் தையல்காரி. "ஒரு வருஷமா தண்ணியே காட்ட விடல. தூங்கும்போது உருவிட்டு வந்தேன், முழிச்சிக்கிட்டு பின்னாலேயே ஓடி வந்துட்டா."

மூக்கக்கா போர்வையை வாங்கி முகர்ந்தாள். எச்சில், பழைய பால், தலை எண்ணெய், மெழுகுப் பென்சில்.

"உன் வாசனையா இது? ஆட்டுக்குட்டி படுத்த சாக்கு மாதிரி இருக்குடி. விடு கையை. விடலன்னா உன்னையும் சேத்து மிஷினுக்குள்ள போட்டுச் சுத்திருவேன்."

பட்டாணி கையை விட்டாள். அழுகையும் சட்டென்று நின்றது. மூக்கக்கா 'பால்' என்று எழுதிக் குத்திப் போர்வையை அழுக்கறையில் தூக்கிப் போட்டாள். துவைக்க வேண்டிய துணி எல்லாம் குவிந்து கிடக்கும் அறைக்குக் கடையில் அதுதான் பெயர். ஜன்னல் கிடையாது, உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். போர்வையின் முறை திங்கட்கிழமை என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் சனிக்கிழமை, கடை அரை நாள்தான். மதியம் ஒரு மணிக்கு மூக்கக்கா மிஷின்களை நிறுத்தி, அழுக்கறைத் தாழ்ப்பாளைப் போட்டு, பின்கதவையும் முன்கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது தெருவில் சத்தம் கேட்டது. பட்டாணியைக் காணவில்லை.

பதினொன்றரை மணிக்கு வாசலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். மஞ்சள் ஸ்வெட்டரோடு கால்வாய்ப் பக்கமாக நடந்து போனதைப் பால் போடுகிறவர் பார்த்திருக்கிறார். ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் ஆள் இல்லை. தெரு முழுக்கத் தேடினார்கள். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நிறுத்தியிருந்த வண்டிகளுக்குள். லாண்டரியைத் தாண்டித்தான் கால்வாய்க்குப் போக வேண்டும். தேடிப் போனவர்கள் லாண்டரிக் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு மேலே போனார்கள். இரண்டு மணிக்கு ஸ்வெட்டர் கிடைத்தது. கால்வாய்ப் பாலத்துக் கம்பியில் மாட்டியிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் வேறு எங்கும் தேடவில்லை.

மூன்று மணிக்கு மூக்கக்கா தையல்காரி வீட்டுக்குப் போனபோது துணி வெட்டுகிற மேஜையில் அந்த ஸ்வெட்டர் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார், வாயை மடிக்கவில்லை. தையல்காரி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவள் புருஷன் கால்வாய்க் கரையிலேயே நின்றான், கூப்பிட்டும் வரவில்லை.

"வேற ஏதாவது அடையாளம் இருக்காம்மா? காலு, கையில தழும்பு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் அதட்டல் இல்லை. அவரும் ஒரு பெண்ணைப் பெற்றவர் என்பது அவர் பேனாவைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. எழுத மனசில்லாமல் எழுதினார்.

மூக்கக்கா நேராக மேஜைக்குப் போய்க் குனிந்து கவரின் வாயில் மூக்கை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"அம்மா, அதைத் தொடக் கூடாது."

"தொடல சார். மோந்துதான் பாக்கறேன்." மறுபடியும் இழுத்தாள். "சார், புள்ள தண்ணிப் பக்கம் போகல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தக் கால்வாயில தூர் வாருறவங்க துணி எங்க கடைக்குத்தான் வருது. கரையில அஞ்சு நிமிஷம் நின்னாப் போதும், கம்பளித் துணி அந்தச் சேத்து நாத்தத்தைக் குடிச்சிடும். இதுல அது இல்ல. கழுத்துப் பட்டையில மட்டும் கொஞ்சம் குழந்தை வாசனை. மத்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"ஒண்ணுமேன்னா ஒண்ணுமே. வெறுமையா இருக்கு."

இன்ஸ்பெக்டர் கவரைத் தூக்கித் தானும் முகர்ந்தார். "என்னம்மா நீங்க, சோப்பு வாசனை கும்முனு வருது. துவைச்சுப் போட்டு விட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

"துவைச்சு பத்து நாளாச்சு சார்" என்றாள் தையல்காரி. எழுந்து வந்து அவளும் முகர்ந்தாள். "சோப்பு வாசனைதான் வருது. ஆனா எங்க வீட்டு சோப்பு இல்ல இது."

"எங்கடி வருது?" மூக்கக்கா மூன்றாம் முறை குனிந்தாள். "எனக்கு வரலயே!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"தெருவுக்கே மூக்குன்னு சொன்னாங்க. சளி புடிச்சிருக்காம்மா?"

மூக்கக்காவுக்குச் சுருக்கென்றது. "சளியா? நீங்க காலைல பல்லு வலிக்குக் கிராம்பு எண்ணெய் வெச்சீங்க. பாக்கெட்டுல இருக்கற கைக்குட்டையில துடைச்சீங்க. மதியம் சாப்பிடல, வெறும் டீயோட நிக்கறீங்க. அந்தத் தையல் மிஷின் டிராயருக்குள்ள ஒரு ஆரஞ்சுத் தோலு காஞ்சு கெடக்கு. இன்னும் சொல்லணுமா?"

இன்ஸ்பெக்டரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. தையல்காரி டிராயரைத் திறந்தாள். மூலையில் கறுத்துச் சுருங்கிய தோல் கிடந்தது. பட்டாணி ஒளித்து வைத்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

"சரி, உங்க மூக்கு நல்ல மூக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்படியே இருக்கட்டும். நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. எங்களுக்கு வாசனை வருது, உங்களுக்கு வரல. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பாத்தது, கேட்டது, கிடைச்சது, இதை எழுதலாம். இல்லாத ஒரு வாசனையை எப்படிம்மா எழுதுவேன்? எங்கிட்ட இருக்கறது மொத்தமே நாலு பேரு. மதகை அடைச்சாத்தான் தண்ணி வடியும், அதுக்கு நான் நேர்ல போய்க் கையெழுத்து போட்டாத்தான் ஆள் வருவான். போலீஸ் நாயி பெரிய ஆபீஸ்லேருந்து நாளைக்குக் காலையிலதான். இருட்டறதுக்குள்ள நான் ஒரு இடத்துல தேடலாம். ரெண்டு இடத்துல முடியாது."

"அந்த ஒரு இடம் தப்பா இருந்தா?"

"சரியா இருந்தா?"

வாயை மூடிக்கொண்டு போகிற ஜாதி இல்லை மூக்கக்கா. "வாசனையே இல்லாத துணின்னு உலகத்துலயே கிடையாது சார். புதுத் துணிக்குக்கூட கடை வாசனை உண்டு. எனக்கு ஒண்ணும் வரலன்னா அதுல ஏதோ இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியல, அதான்."

"இதை நான் மேலதிகாரிகிட்ட சொன்னா எனக்குத்தான் ஓய்வு குடுப்பாங்க" என்று அவர் தொப்பியைத் தலையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து மூக்கக்காவின் புருஷன் ஃபிளாஸ்க்கும் டம்ளருமாகப் படியேறி வந்தார். தையல்காரி மதியத்திலிருந்து ஒன்றும் குடித்திருக்க மாட்டாள் என்று டீ போட்டு எடுத்து வந்திருந்தார். மேஜையைச் சுற்றி மூன்று பேர் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"நீங்க வாங்க" என்று கூப்பிட்டாள் மூக்கக்கா. "இவங்க ரெண்டு பேரும் சோப்பு வாசனைங்கறாங்க. எனக்கு வரல. நீங்க மோந்து பாத்து உண்மையைச் சொல்லுங்க. எனக்காகப் பேச வேணாம்."

"என்னைக்கு நான் உனக்காகப் பேசினேன்?" என்றபடி அவர் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டுக் குனிந்தார். ஒரு தடவைதான் இழுத்தார்.

"இது நீதானே?"

"என்னது?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு நம்ம வீட்டு வாசல்ல அடிக்குமே, அது. நீ இல்லவே இல்லன்னு சாதிப்பியே, அந்த வாசனை."

"அப்ப இவங்க கையிலேருந்து ஒட்டியிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர் உடனே.

"நான் இன்னும் தொடவே இல்ல சார்" என்றாள் மூக்கக்கா. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "இது ஆவி அடிச்ச துணி வாசனை. எங்க கடையில சூடா மடிச்சு அடுக்கி வெப்போம்ல, அதுங்களோட கெடந்திருக்கு. இருபத்திரண்டு வருஷமா அதுக்குள்ளயே நிக்கறேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியாது."

புருஷனைச் சீண்டல்காரர் என்று இத்தனை வருஷம் திட்டியதெல்லாம் ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. மறுபக்கம் கணக்கு ஓடியது. இன்று வெளியே போனது ஒரே ஒரு லோடு, ஓட்டல் படுக்கை விரிப்பு மூட்டைகள். பன்னிரண்டு மணிக்குப் பின்கதவு வழியாக வேன்காரர் ஏற்றிப் போனார். ஓட்டல் கால்வாய்க்கு அந்தப் பக்கம்.

"வேன்காரருக்குப் போன் போடுங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

அவர் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். வேன்காரர் சாப்பாட்டில் இருந்தார். வாயில் சோற்றோடு பேசினார். "ஆமாக்கா, பாலத்து மேட்டுல பின்கதவு தெறந்துகிச்சு. எறங்கி மூட்டையைத் தள்ளி வெச்சு சாத்தினேன். எதுவும் விழுந்துச்சா? நான் பாக்கலயே. ஏன்க்கா, ஓட்டல்காரன் துண்டு கொறையுதுங்கறானா?"

விழுந்ததை யாரோ ஒரு நல்ல மனுஷர் ரோட்டில் மிதிபடாமல் எடுத்துக் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நல்ல காரியம் ஒரு தெருவையே தண்ணீரில் இறக்கிவிட்டது.

"அப்படின்னா ஸ்வெட்டர்தான் வேன்ல போச்சு" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "குழந்தை?"

மூக்கக்காவின் கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது. தையல்காரி அந்தக் கையைப் பார்த்தாள். நேற்று கவுன்டருக்கு முன்னால் நடந்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"போர்வை" என்றாள் தையல்காரி.

"அழுக்கறையில" என்றாள் மூக்கக்கா. "ஒரு மணிக்குத் தாழ்ப்பாள் போட்டேன். உள்ள எட்டிப் பாக்கல. பூட்டினது நான்தான் சார்."

லாண்டரிக்கு நடந்தால் மூன்று நிமிஷம். தையல்காரி செருப்பில்லாமல் முன்னால் ஓடினாள். மூக்கக்கா ஓட முடியாத உடம்பை ஓட்டிக்கொண்டு பின்னால் போனாள். மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. ஜன்னல் இல்லை. உள்ளே சாய்ந்து கிடப்பது ஒரு ஆள் உயரத்துக்குத் துணி. மேலே சரிந்தால் பெரிய ஆளுக்கே எழுந்திருக்கச் சிரமம். கடையை அடைந்தபோது சாவி பூட்டுக்குள் போக மாட்டேன் என்றது. புருஷன் வாங்கித் திறந்தார். லிஃப்ட்டுக்குள் மாட்டியவர்களை முப்பது வருஷம் வெளியே எடுத்த கை அது.

உள்ளே இன்னும் மிஷின் சூடு ஆறாமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் கதவைத் தாண்டியதும், "அதே வாசனை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூக்கக்காவுக்கு ஒன்றும் அடிக்கவில்லை. அவள் நேராக அழுக்கறைக்குப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

துணி மலை இருந்தது. யாரும் இல்லை.

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்தார். மூக்கக்கா இருவரையும் கையால் தடுத்துவிட்டு வாசற்படியில் நின்று கண்ணை மூடினாள். இந்த அறையில் அவள் மூக்குக்கு வேலை உண்டு. மீன்காரர் கோட்டு, மருத்துவமனை திரைச்சீலை, யாரோ ஒருவரின் ஈரக் காலுறை, பெயின்ட். அவற்றுக்கெல்லாம் அடியில், இடதுபக்க மூலையில், எச்சிலும் பழைய பாலும் மெழுகுப் பென்சிலும்.

"அங்க" என்றாள். "அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால."

தையல்காரி திரைச்சீலைகளை வாரித் தள்ளினாள். சுவருக்கும் துணிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில், போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பட்டாணி உட்கார்ந்திருந்தாள். தூங்கி எழுந்த கண். முகமெல்லாம் வியர்வை. அம்மா தூக்கி நெஞ்சோடு அணைத்ததும் முதல் காரியமாகப் போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி" என்றாள்.

புருஷன் குழாயில் பிடித்துவந்த தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தாள். பிறகு விஷயம் துண்டு துண்டாக வந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே சூடு. ஸ்வெட்டரைக் கழற்றி வெள்ளைத் துணி மூட்டைக்குள் செருகி வைத்தாள். போர்வையைத் தேடினாள். கிடைத்தது. போகும்போது யாரோ வருகிற மாதிரி இருந்ததால் ஒளிந்துகொண்டாள். தூங்கிவிட்டாள்.

"பூட்டும்போது முழிச்சிருந்தியாடா?" என்று இன்ஸ்பெக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"ம். சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

பட்டாணி மூக்கக்காவைப் பார்த்தாள். அம்மாவின் தோளில் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"கூப்ட்டா மிஷினுக்குள்ள போட்டுருவாங்க."

யாரும் மூக்கக்கா பக்கம் திரும்பவில்லை. அது அவர்கள் செய்த மரியாதை. அவள் துணிக் குவியலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். கவுன்டரில் அவள் சொல்லி மறந்துபோன வார்த்தைகளுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொன்றையும் யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கக் கூடும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

கால்வாய்க்கு ஆள் போய்ப் பட்டாணியின் அப்பா முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்ட பிறகு, இன்ஸ்பெக்டர் கவுன்டரில் காகிதத்தை விரித்தார். அதே கவுன்டர். மூக்கக்கா எதிரில் நின்றாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சோம்னு எழுதணும். 'கிடைத்த தகவலின் பேரில்'னு போட்டுடறேன்."

"வாசனைன்னு போடுங்க சார். எனக்கு வரல, உங்களுக்கு வந்துச்சுன்னு போடுங்க. உள்ள பாக்காம பூட்டினது நான்தான்னும் போடுங்க."

"உங்க வேலைக்கு ஆபத்து வரலாம்மா."

"வந்தா வரட்டும். அடுத்த தடவை பூட்டறவ எட்டிப் பாப்பா."

இன்ஸ்பெக்டர் இரண்டாவதை எழுதினார். முதலாவதை எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லையாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர் வாசலில் திரும்பி, "இந்தக் கிராம்பு எண்ணெய் நிஜமாவே தெரியுதா?" என்று கேட்டார்.

"பல்லைப் பிடுங்கிடுங்க சார். சொத்தை வாசனை அதையும் தாண்டி வருது."

வேலை போகவில்லை. முதலாளி திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் கத்தினார். கத்தி முடித்துவிட்டு அழுக்கறைத் தாழ்ப்பாளைத் தானே ஸ்க்ரூ கழற்றி எடுத்தார். தையல்காரி கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கடைக்கு வந்து, "ஏன்க்கா உள்ள பாக்காம பூட்டினீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மூக்கக்கா காரணம் எதுவும் சொல்லவில்லை. "தப்புதான்" என்றாள்.

பட்டாணி அம்மாவின் பின்னால் நின்றாள். போர்வை அவள் கையில்தான். மூக்கக்கா கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, முட்டி வலியோடு கீழே குனிந்தாள்.

"இந்தா பாரு. யாரையும் மிஷினுக்குள்ள போட மாட்டேன். அதுக்குள்ள நீ கொள்ளவும் மாட்டே. போர்வையை நீயே வெச்சுக்கோ. கழுவ வேணாம்."

பட்டாணி யோசித்தாள். போர்வையை மூக்கில் வைத்து இழுத்தாள். முகம் சுளித்தது. ஒரு ராத்திரியும் அரைப் பகலும் மீன்காரர் கோட்டோடு கிடந்த போர்வை.

"இதுல என் வாசனை இல்ல" என்றாள் எரிச்சலாக. "வேற யாரோ நாத்தம் அடிக்கிறாங்க. கழுவிக் குடுங்க."

"வெந்நீரா, பச்சத் தண்ணியா?"

"எது சீக்கிரம் வரும்?"

மூக்கக்கா சீட்டு எடுத்து 'மீன்' என்று எழுதிக் குத்தினாள். அன்றைக்கே, வரிசையை மீறி, அதைத் தனியாகப் போட்டெடுத்தாள். காய்ந்ததும் மூக்கில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை, வெறுமையாக இருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரிந்தது.

ஆறு மணிக்குப் படியேறினாள். மூன்றாவது படியில் கால் வைத்ததும் வழக்கம்போலக் குரல் வந்தது.

"வந்தாச்சு, லாண்டரி!"

அவள் கதவைத் தள்ளவில்லை. வெளியிலேயே நின்று கேட்டாள். "ஏங்க, அது எப்படி இருக்கும்?"

"எது?"

"அந்த வாசனைதான். எனக்குத் தெரியாதுல்ல. சொல்லுங்க."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். அவர் கதவருகில் வந்து நின்று யோசித்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு இதெல்லாம் பேசிப் பழக்கமில்லை. "சூடான இஸ்திரிப் பெட்டி இருக்கே... அதுல கொஞ்சம் நனைஞ்ச காகிதம். அப்புறம் சோப்பு. ஓரத்துல லேசா மண்ணெண்ணெய் மாதிரி ஒண்ணு."

"நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லன்னா இருபத்திரண்டு வருஷம் கதவைத் தொறந்திருப்பேனா?"

"அதுக்குன்னு இன்னிக்கும் வெங்காயத்தை வெட்டாம வெச்சிருக்கீங்களே" என்று சொல்லிக்கொண்டே மூக்கக்கா உள்ளே போனாள். வாசற்படியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெங்காயம் உரிக்கக்கூட இல்லை.